உங்களுக்குத் தெரியுமா? திருமலையின் குடா, குன்று, தீவு

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்குவது, காலையில் கோணேசர் கோயில், மதியம் கன்னியா, மாலையில் நிலாவெளிக் கடற்கரை, மறுநாள் திரும்பிவிடுவது. திருகோணமலை பார்த்தாயிற்று என்று சொல்பவர்களில் பலர் பார்த்தது இவ்வளவுதான். அந்த மூன்று இடங்களிலேயே கண்ணில் படாமல் போனவை நிறைய. வாகனத்தை நிறுத்தாமல் தாண்டிப் போன இடங்கள் அதைவிட நிறைய. இந்த முறை திருமலை மாவட்டம் முழுக்க ஒரு சுற்று.

கடலுக்கடியில் பள்ளத்தாக்கு

இந்தத் துறைமுகத்துக்காக இத்தனை நாடுகள் ஏன் சண்டை பிடித்தன? காரணம் தண்ணீருக்கடியில் இருக்கிறது. கொட்டியாரக்குடாவிலிருந்து தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு கிழக்கே போகப்போக இறங்கி, வெளிக்கடலில் 3,000 மீற்றரையும் தாண்டுகிறது. குன்றுகளும் தீவுகளும் வளைத்து நிற்கும் உள்குடாவில் பெரிய கப்பலும் கரையை ஒட்டி நிற்கலாம். வாடைக்காற்று எட்டிப் பார்க்காது. எதிரே சோழமண்டலக் கரையில் அந்தக் காலத்தில் ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. ஒக்டோபரில் காற்றுத் திரும்பினால் ஆங்கிலேயக் கடற்படை பம்பாய் வரை சுற்றிப் போகவேண்டும். அதற்குள் இங்கே யார் நங்கூரம் போடுகிறார்களோ அவர்கள் கை ஓங்கிவிடும்.

ஒரே வருடம், மூன்று கொடி

1782ஆம் ஆண்டு பிறக்கும்போது திருமலை ஒல்லாந்தர் கையில். ஜனவரியில் எட்வேர்ட் ஹியூஸின் ஆங்கிலேயப் படை பிடித்தது. ஓகஸ்ட் முடிவதற்குள் பிரான்சின் தளபதி சஃப்ரென் வந்து அதைப் பறித்துக்கொண்டார். செப்டெம்பர் 3ஆம் திகதி இரண்டு கடற்படைகளும் துறைமுகத்துக்கு வெளியே மோதின. சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு ஊர் மீண்டும் ஒல்லாந்தருக்கே போனது. 1795இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய கடற்படை கடைசியாகத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனது 1957இல்.

மீன் பொறித்த வாசற்கல்

கோணேசர் கோயிலுக்குப் போகும் எல்லோரும் பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடந்துதான் போகிறார்கள். வாசல் நிலையின் கல்லைக் கவனிப்பவர்கள் குறைவு. இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் அதில் உண்டு. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பின்னொரு நாள் உடைப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்வதாக நம்பப்படும் பாட்டின் துண்டு அது. கோயிலை இடித்தவர்கள் அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இடிபடப் போவதைச் சொல்லும் கல்லும் அப்படித்தான் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தது. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நின்று பார்த்தால் மீன்கள் தெளிவாகத் தெரியும்.

புத்தாண்டுத் தாக்குதல்

கோயிலை இடித்தவர் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தன்தீனோ டி சா. 1622ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டன்று, சுவாமி ஊர்வலம் போயிருந்த நேரத்தில், படையினர் பூசகர் வேடத்தில் உள்ளே புகுந்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அடியார்கள் தூக்கி ஓடிய திருவுருவங்கள் காட்டுவழியே போய், பிற்பாடு தம்பலகாமத்தில் கோயில் கொண்டன. அதுதான் ஆதி கோணேஸ்வரம். வயல்வெளிக்கு நடுவே நிற்கும் அந்தக் கோயிலைப் பார்க்காமல் கோணேசர் கதை முழுமை ஆகாது.

கிணறு வெட்டக் கிடைத்த தெய்வங்கள்

எல்லாத் திருவுருவங்களும் தம்பலகாமம் போய்விடவில்லை. 1950இல் திருமலை நகரில் கிணறு வெட்டியவர்களின் மண்வெட்டிக்குத் தட்டுப்பட்டது வெண்கலம். சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள், பிள்ளையார் என்று வரிசையாக வெளியே வந்தார்கள். இடிப்பின்போது யாரோ அவசரமாகப் புதைத்து வைத்தவை. கோணேசருக்கு எழுப்பிய புதுக் கோயிலுக்கு 1963 மார்ச் மாதம் குடமுழுக்கு நடந்தது. இன்று நாம் கும்பிடும் சிலைகளில் மண்ணுக்கடியில் முந்நூறு வருடத்துக்கு மேல் காத்திருந்தவையும் உண்டு.

விஞ்ஞானக் கதாசிரியர் கண்ட கோயில்

இடித்த கற்களில் பல செங்குத்துப் பாறையிலிருந்து கடலுக்குள் போயின. 1956இல் இருவர் சுழியோடி அவற்றைப் பார்த்தார்கள். ஒருவர் விஞ்ஞானப் புனைகதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க், மற்றவர் அவருடைய நண்பர் மைக் வில்சன். பாசி மூடிய பாறைகளுக்கிடையே செதுக்கிய தூண்களும் வேலைப்பாடுள்ள கற்களும் கிடந்தன. மறு வருடம் வந்த கிளார்க்கின் நூலில் அந்தச் சுழியோட்டம் பதிவாகியிருக்கிறது. கிளார்க் இந்த நாட்டுக்குக் குடிவந்ததே விண்வெளிக்காக அல்ல, சுழியோடும் ஆசையில்தான்.

குதித்தாளா, குதிக்கவில்லையா?

கோயில் மலையின் விளிம்பில் பழைய தூண் ஒன்று நிற்கிறது. அதில் ஒல்லாந்த எழுத்தில் பிரான்சினா வான் ரீட் என்ற பெயரும் 1687 என்ற ஆண்டும். காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்துக்கொண்டே அவள் இந்தப் பாறையிலிருந்து கடலில் குதித்தாள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஒல்லாந்த ஆவணங்களைப் புரட்டியவர்களோ, பிரான்சினா அதற்குப் பிறகும் உயிரோடிருந்து மணம் முடித்தார் என்கிறார்கள். எப்படியானாலும் அவள் பெயரைச் சுமக்கும் தூண் இடிந்த கோயிலுடையது என்பதே பரவலான கருத்து.

வெலிங்டன் தப்பிய கதை

வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு, ஆதர் வெல்லெஸ்லியாக இருந்த காலத்தில், 1800ஆம் ஆண்டின் கடைசியில் திருமலைக்கு வந்தார். ஒரு படையெடுப்புக்கு ஆயத்தம் செய்யத்தான். கோட்டைக்குள் அவர் தங்கியதாகச் சொல்லப்படும் வீடு இன்றும் இருக்கிறது. இங்கே நோயில் விழுந்ததால்தான் மூழ்கவிருந்த கப்பலில் ஏறாமல் தப்பினார் என்று சொல்வார்கள். பாதி உண்மை. அவர் நோயில் விழுந்தது பம்பாயில். அவர் ஏறவேண்டியிருந்த சுசன்னா என்ற கப்பல் மூழ்கியது மட்டும் உண்மை. அதில் ஏறியிருந்தால் 1815இல் வாட்டர்லூவுக்கு வேறொருவர்தான் போயிருக்க வேண்டும்.

கோட்டைக்குள் மான்

பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன. கோட்டையோடு நில்லாமல் கடற்கரைத் திடலுக்கும் கடைத்தெருவுக்கும் வந்துவிடும். கச்சான் சரையை நீட்டினால் பயப்படாமல் கையிலிருந்தே எடுக்கும். சரையோடு பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிச் சாகும் மான்களும் உண்டு. கொடுக்கத்தான் வேண்டுமென்றால் இலைதழை கொடுங்கள். பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு போங்கள்.

நாவலாசிரியையின் தம்பி

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் குடும்பத்தில் ஒருவர் திருமலை மண்ணில் உறங்குகிறார். அவருடைய தம்பி சார்ள்ஸ் ஒஸ்ரின், ஆங்கிலேயக் கடற்படையில் ரியர் அட்மிரல். பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில், 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி வாந்திபேதியில் இறந்தார். உடலை அடக்கம் செய்த இடம் திருமலைக் கடற்கரைத் திடலை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டம். அக்காவின் நாவல்களில் வரும் கடற்படை அதிகாரிகளுக்கு ஒஸ்ரின் சகோதரர்களின் அனுபவம் கைகொடுத்தது என்பார்கள் இலக்கிய ஆய்வாளர்கள்.

ஊர்ப் பெயரில் ஒரு கப்பல்

1817 ஒக்டோபரில் பம்பாயில் ஒரு போர்க்கப்பல் கடலில் இறங்கியது. கட்டியவர்கள் பார்சிகளான வாடியா குடும்பத்தார், மரம் மலபார்த் தேக்கு, பெயர் ‘ட்ரிங்கோமலி’. கப்பலின் வரைபடங்களை முதலில் சுமந்து வந்த கப்பலை அமெரிக்கர்கள் வழியிலேயே பிடித்துவிட்டதால் இன்னொரு பிரதி வரும்வரை வேலை தள்ளிப்போனது. தேக்கில் செய்த புண்ணியம், இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் இன்னும் நீரில் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது.

மூதூர் மரத்தடி

1659 நவம்பர் 19ஆம் திகதி அடித்த புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக்குடாவுக்குள் வந்தது. மாதக்கணக்கில் நின்ற கப்பலைப் பற்றிய செய்தி கண்டிக்குப் போயிற்று. இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் வந்து, விருந்தினரை அழைப்பதுபோல் அழைத்து, கப்பல் தலைவனையும் அவருடைய மகனையும் மாலுமிகள் சிலரையும் மூதூரில் ஒரு மரத்தடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மகன் பெயர் றொபேர்ட் நொக்ஸ்; வயது 19. தந்தை மறு வருடமே காய்ச்சலில் இறந்தார். மகன் கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் தொப்பி பின்னியும், ஊர் ஊராகச் சரக்கு விற்றும் 19 வருடம் கழித்தார். 1679இல் காட்டு வழியே நடந்து, மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல், அந்நாளைய கண்டி இராச்சியத்தின் உழவு, உணவு, சாதி, சட்டம் எல்லாவற்றையும் உள்ளிருந்து சொல்கிறது. டானியல் டீஃபோவின் ரொபின்சன் குரூசோ கதைக்கும் அது ஒரு தூண்டுகோல். ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று நினைவுக்கல் நட்ட இடம் மூதூரில் இருக்கிறது.

ஏழு கிணறு

நகரிலிருந்து அனுராதபுரம் வீதியில் எட்டுக் கிலோமீற்றர் அளவில் கன்னியா. சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள், ஒன்றுக்கொன்று சில அடி தூரத்தில். ஒரு கிணற்றில் இளஞ்சூடு; அடுத்ததில் வாளியை ஊற்றியதும் தோள் துள்ளும். தாய்க்கு அந்திமக் கிரியை செய்ய இராவணனுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, நிலத்தில் ஏழு இடத்தில் குத்தினான் என்பது ஐதீகம். திருமலைத் தமிழர் இறந்தவர்களுக்கு அந்தியேட்டிக் கடன் கழிக்க இங்கே வருவது அந்தக் கதையோடு சேர்ந்த வழக்கம். எரிமலை கிடையாத இந்த நாட்டில் சூடு எப்படி வந்தது? மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தில் காய்ந்து, மீண்டும் மேலே வருகிறது. சுற்றிலும் பௌத்த இடிபாடுகள், பக்கத்தில் இடிந்த பிள்ளையார் கோயிலின் மேடு. அந்த மேட்டைப் பற்றிய தகராறு 2019இல் போராட்டமாக வெடித்தது. குளிக்க வருபவர்கள் பெரும்பாலும் அதை அறியாமலே வாளியைத் தூக்குகிறார்கள்.

சோழர் காத்த புத்தப் பள்ளி

கன்னியாவுக்கு அப்பால், பெரியகுளத்தருகே காட்டுக்குள் இருக்கிறது வெல்கம் விகாரை. செங்கல் மேடுகளும், தலைக்கு மேல் கூரையின்றி நிற்கும் புத்தர் சிலையும் பார்த்ததும் அனுராதபுரத்துப் பாணி என்றே எண்ணத் தோன்றும். கல்வெட்டுகளின் பக்கத்தில் போய் நின்றால் படிக்க முடிகிற எழுத்து தமிழ். சோழர் ஆண்ட பதினோராம் நூற்றாண்டில் இந்த விகாரைக்கு ‘இராஜராஜப் பெரும்பள்ளி’ என்று பெயர். அணையா விளக்கெரிக்கப் பசுக்களும், காசும், விளக்குகளும் கொடுத்தவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன, கொடுத்தவர்கள் தமிழர். அயலிலுள்ள தமிழர் இதை நாதனார் கோயில் என்று அழைத்து வந்தார்கள். சோழர் அனுராதபுரத்தை அழித்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதே சோழர் காலத்தில்தான் இந்தப் புத்தப் பள்ளி தழைத்தது. கடலுக்கு அப்பால் நாகபட்டினத்துச் சூடாமணி விகாரையிலும் இதே பெயரில் ஒரு பெரும்பள்ளி இருந்தது.

விஜயபாகு பெயரில் சிவன் கோயில்

அதற்கு மறுபக்கமும் இந்த மாவட்டத்திலேயே உண்டு. 1070இல் சோழரைத் துரத்தியவன் முதலாம் விஜயபாகு. கந்தளாய்க்கு அருகே பாலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு அவனது 42ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நங்கைசானி என்ற பிராமணப் பெண், இறந்த கணவர் நினைவாகச் சிவன் கோயிலுக்குக் கொடுத்த தானத்தை அது சொல்கிறது. கோயிலின் பெயர் தென்கயிலாசம். இன்னொரு பெயர் விஜயராஜ ஈஸ்வரம். பிராமணர் குடியிருப்புக்கும் மன்னன் பெயர்தான். தானத்துக்குக் காவல் தமிழ்ப் படையினரான வேளைக்காரர். சோழனின் பெயரில் புத்தப் பள்ளி, சோழனை வென்றவனின் பெயரில் சிவன் கோயில். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு, இந்த மண்ணின் பழங்காலத்தை ஒற்றைப் பக்கத்திலிருந்து மட்டும் சொல்லும் எவரிடமும் கேட்கக் கேள்விகள் இருக்கும்.

அதிகாலையில் உடைந்த குளம்

கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்பது தமிழர் மரபு. ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பது சிங்கள வரலாற்று நூல்களின் வழி. நூற்றாண்டுகள் நின்ற அந்தக் கட்டு 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் உடைந்தது. தூக்கத்திலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பின்பு கட்டைத் திரும்ப எழுப்பினார்கள். இன்று குளக்கட்டில் மாலைக்காற்று வாங்குபவர்களின் கண் முன்னே வயல்களுக்கு நீர் பாய்கிறது.

கந்தசாமி மலையில் புத்தர்

வடக்கே குச்சவெளியைத் தாண்டினால் திரியாய். ஊர்த் தமிழர் கந்தசாமி மலை என்று சொன்ன குன்றின் உச்சியில், சிறு தாதுகோபுரத்தைச் சுற்றி வட்டமாக நிற்கின்றன கல் தூண்கள். புத்தரிடமிருந்து தலைமுடியைப் பெற்ற தபுஸ்ஸ, பல்லுக என்ற இரு வணிகர்கள் கடல்வழியே வந்து அதை இங்கே வைத்தார்கள் என்பது பௌத்த மரபு. பாறையில் உள்ள நீண்ட கல்வெட்டு அந்த வணிகரைக் குறிப்பிடுகிறது. மொழி வடமொழி, எழுத்து பல்லவ கிரந்தம். போதிசத்துவர்களைப் புகழ்வதால் எழுதியவர்கள் மகாயானத்தார் என்பது தெரிகிறது. முருகன் பெயர் கொண்ட குன்றில், தென்னிந்திய எழுத்தில், தேரவாத நாட்டில், மகாயானப் புகழுரை. படி ஏற மூச்சு வாங்கும். மேலே போனால் கடலும் களப்பும் தெரியும்.

புறாமலை

நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இரண்டு சிறு தீவுகள். ஊர்மக்களுக்குப் புறாமலை, சுற்றுலாப் பலகைகளில் புறாத்தீவு. பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாவால் வந்த பெயர். ஆங்கிலேயக் கடற்படை இதைக் குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா. கரையில் கால் வைத்ததும் சரசரப்பது மணல் அல்ல, உடைந்து வெளுத்த பவளத் துண்டுகள். விரல் அளவிலும், மான்கொம்பு போலவும் குவிந்து கிடக்கும். இடுப்பளவு நீரிலேயே உயிருள்ள பவளத்தைப் பார்க்கலாம்; மறுபக்கத்தில் கருமுனைச் சுறாக்கள் சுற்றும், கடிக்க வராது. ஆபத்து நம்மால் அவற்றுக்குத்தான். பவளத்தின் மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களால் வருடா வருடம் பவளம் நொறுங்குகிறது.

அரிசி மணல், கறுப்பு மணல்

புல்மோட்டைப் பக்கத்தில் அரிசிமலை என்றொரு கடற்கரை. அங்கே கையில் அள்ளும் மணல் தூளாக இராது. அரிசிக் குருணைபோல் ஒவ்வொரு மணியும் தனியாக உருளும். வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்காலில் குத்தும். சற்றே தள்ளிப் புல்மோட்டையில் மணல் கறுப்பு. இல்மனைற், ரூற்றைல், சிர்கோன் என்ற கனிமங்கள் கலந்தது. வெள்ளைப் பெயின்ற் செய்ய இல்மனைற்றும் ரூற்றைலும் வேண்டும். உங்கள் வீட்டுச் சுவரின் வெள்ளை, எங்கோ ஒரு கடற்கரையின் இப்படிப்பட்ட கறுப்பு மணலிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

கடற்படை காக்கும் தீவும் கோட்டையும்

உள்குடாவில் சோபர் தீவு என்ற காட்டுத்தீவு இருக்கிறது. இன்று கடற்படையின் பொறுப்பில் தங்குமிடமாக இயங்குகிறது. முன்பதிவு செய்தவர்களைப் படகில் கூட்டிப் போவார்கள். துறைமுக வாயிலைக் காத்த ஒஸ்ரன்பேர்க் கோட்டை ஒல்லாந்தர் கட்டியது. கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் அனுமதி பெற்றே போகவேண்டும். மேலே உள்ள பீரங்கிகளும் அருங்காட்சியகமும் அந்த அலைச்சலுக்குத் தகும்.

ஏழு நாள் எரிந்த தாங்கி

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானிய விமானந்தாங்கிக் கடற்படை திருமலையின் மேல் குண்டு போட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. சீனக்குடாவில் ஜப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கியின் மேல் விழுந்தது, தீ ஏழு நாள் எரிந்தது என்கிறார்கள். உருகிச் சுருங்கிய அதன் எஞ்சிய இரும்பு காட்டுக்குள் கிடக்கிறது. மிஞ்சியவை 99 தாங்கிகள், ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளும். 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 14 தாங்கி இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. பல தாங்கிகளின் மேல் மரம் முளைத்திருக்கிறது.

75 வருடம் கழித்து எழுந்த கப்பல்

அதே தாக்குதலில் துறைமுகத்துக்குள் ‘சகாயிங்’ என்ற பயணிகள் கப்பல் எரிந்தது. 1943இல் அதன் கூட்டை ஓரமாக மூழ்கடித்து இறங்குதுறையாகப் பயன்படுத்தினார்கள். 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் அதை மிதக்கவைத்து இழுத்துப்போய், ஆழமான வேறிடத்தில் மூழ்கவைத்தார்கள்.

கோயில் மலையிலிருந்து திமிங்கிலம்

கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு அருகே வருவதால், ஆழ்கடலில் மட்டும் வாழும் விலங்குகளும் கரைக்கு அருகே வருகின்றன. மார்ச் முதல் ஓகஸ்ட் வரை, அதிர்ஷ்டம் இருந்தால் கோணேசர் மலையில் நின்றே நீலத் திமிங்கிலம் ஊதும் நீர்த்துளிப் புகையைக் காணலாம். 1980களின் தொடக்கத்தில் ‘ரியூலிப்’ என்ற ஆய்வுப் படகில் வந்தவர்கள்தான் திருமலைக் கடலின் திமிங்கிலங்களை உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். உடனேயே போர் வந்தது. பார்க்க வருபவர்களுக்காகப் பல வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வெற்றிலைக்கு முத்துச் சுண்ணாம்பு

முத்து என்றதும் மன்னார்தான் நினைவுக்கு வரும். தம்பலகாமக் குடாவின் சேற்றிலும் முத்து எடுத்தார்கள். இங்குள்ள சிப்பி தட்டையானது, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. கோவாவிலும் பிலிப்பைன்சிலும் இதைக் கண்ணாடிக்குப் பதிலாக யன்னலில் பதித்தார்கள். உள்ளே கிடைக்கும் முத்து சிறியது; நகைக்கு ஆகாதவற்றை நீற்றிச் செல்வந்தர்கள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பாகப் பூசினார்கள். 1850களில் மருத்துவரும் உயிரியலாளருமான கெலார்ட் இந்தச் சிப்பிகளின் வாழ்க்கையைத் தனியாக ஆராய்ந்தார்.

396 மீற்றர்

கிண்ணியாவுக்கும் திருமலைக்கும் இடையில் நீண்ட காலம் தொடர்பு என்றால் மிதவைப் பாதைதான். பஸ்ஸும் மாட்டு வண்டியும் ஆட்களும் ஒரே மிதவையில் ஏறி, அக்கரை சேரும்வரை வெயிலில் நிற்பார்கள். பிந்தினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நோயாளியும் காத்திருக்க வேண்டியதுதான். 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி கிண்ணியாப் பாலம் திறந்தது. நீளம் 396 மீற்றர்; திறந்தபோது இலங்கையின் மிக நீண்ட பாலம். ஓட்டோவில் சில நிமிடத்தில் கடந்துவிடலாம்; அவசரம் இல்லாவிட்டால் நடந்து பாருங்கள், குடாவின் முழு வளைவும் தெரியும்.

மகாவலி முடியும் இடம்

நாட்டின் நீளமான ஆறு மகாவலி, 335 கிலோமீற்றர். மலைநாட்டில் பிறந்து கொட்டியாரக்குடாவில் கடலைச் சேர்கிறது. தெற்கே பிரியும் வெருகல் கிளையின் கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோயில். திருமலையும் மட்டக்களப்பும் சந்திக்கும் எல்லை அது. மூதூருக்குத் தெற்கே சேருவில, காவன்தீசன் கட்டியதாக மரபு சொல்லும் தாதுகோபுரம். சேருவிலயிலிருந்து மகாவலியை ஒட்டிச் சிவனொளிபாதமலைக்குப் போன பழைய யாத்திரைப் பாதை 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமை உத்தேசப் பட்டியலில் ஏறியது. கடற்கரையோரம் இலங்கைத்துறை முகத்துவாரம். களப்பு கடலோடு கலக்கும் இடத்தில் பாறைக்குன்று. புத்தரின் தந்தத்தை ஏந்தி வந்தவர்கள் கரையேறிய இடம் என்பது பௌத்த மரபு.

எப்போது போகலாம்?

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் அடங்கியிருக்கும். புறாமலைக்கும், ஓகஸ்ட் வரை திமிங்கிலம் பார்க்கவும் அதுவே காலம். ஒக்டோபருக்குப் பின் வாடை தொடங்கினால் படகு ஓடாது, ஆனால் குளங்கள் நிறைந்து வயல் பச்சையாக இருக்கும். புறாமலைக்குக் காலையிலேயே புறப்படுங்கள். காற்றுக் கிளம்பிய பிறகு தண்ணீர் கலங்கிவிடும். திரியாய்க் குன்றுக்குத் தொப்பியும் தண்ணீரும் வேண்டும். கன்னியாவுக்கு மாற்றுடை கொண்டு போங்கள். வெல்கம் விகாரையையும் கந்தளாயையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பிள்ளைகள் கூட வந்தால், வெல்கம் விகாரைக் கல்வெட்டில் தங்களுக்குத் தெரிந்த எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய எழுத்தென்றாலும் இரண்டு மூன்றையாவது கண்டுபிடித்துவிடுவார்கள்.